பாப்பா தூங்கும்போதும் அவ தூங்கல, பத்து கேள்வில 15 மார்க்

வணக்கம் மேடம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். பொண்ணு பொறந்து ஏழாவது வாரம் ஓடுது, மனைவி அவங்க அம்மா வீட்ல இருக்கா, நான் சனிக்கிழமை நைட் போயிட்டு திங்கக்கிழமை காலைல வந்துருவேன். போன வாரம் 45 நாள் ஊசிக்கு கூட்டிட்டு போனப்ப நர்ஸ் ஒரு பேப்பர குடுத்து டிக் பண்ண சொன்னாங்க, பத்து கேள்வி, கூட்டி பாத்தா 30க்கு 15. மனநல டாக்டர பாருங்கன்னுட்டாங்க. எங்கம்மா "பச்சை உடம்புக்காரி, தூக்கம் கெட்டா அப்படித்தான் இருப்பா, நான் மூணு பெத்தேன், எனக்கு யாரு பேப்பர் குடுத்தா"ங்கறாங்க, அத்தை கண்ணு பட்டுருச்சுனு சுத்தி போட்டாங்க.

அவ அழக்கூட இல்ல மேடம். வேளாவேளைக்கு பால் குடுக்கறா. ஆனா நைட்ல பாப்பா தூளில நல்லா தூங்கும்போது இவ எந்திரிச்சு போன் டார்ச் அடிச்சு, மூக்குகிட்ட விரல வச்சு மூச்சு வருதானு பாக்கறா, படுக்கறா, திரும்ப எந்திரிக்கறா. "வேற யாராச்சும் வளத்திருந்தா பாப்பா நல்லா இருந்திருக்கும்ல"னு ஒரு தடவ கேட்டா. பேப்பர்ல கடைசி கேள்வி, தனக்குத்தானே ஏதாச்சும் பண்ணிக்கணும்னு தோணுச்சாங்கறது, அதுக்கு எப்பவாச்சும்னு டிக் பண்ணிருக்கா, அதுக்கு ஒரே மார்க்தான். பத்து கேள்விய வச்சு இதெல்லாம் சொல்லிட முடியுமா? கொஞ்ச நாள் பொறுத்து பாக்கலாமா?

பதில்:

தம்பி, பொறுக்க வேண்டாம். நாளைக்கே லீவ் சொல்லிட்டு போங்க, காரணத்த சொல்றேன்.

உங்கம்மா சொல்ற தூக்கக்கேடு நிஜம்தான், பிள்ளை பெத்த எந்த பொண்ணுக்கும் அசதி இருக்கும். அந்த பேப்பர தயார் பண்ணவங்களுக்கும் இது நல்லாவே தெரியும். எடின்பரோ ஸ்கேல்னு சொல்லுவாங்க, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வ கண்டுபிடிக்க 1987ல பிரிட்டன்ல காக்ஸ்னு ஒரு டாக்டரும் அவரோட சேந்தவங்களும் கொண்டு வந்தது. அசதியா இருக்கா, பசிக்குதா, உடம்பு வலிக்குதானு அதுல ஒரு கேள்விகூட கிடையாது, வேணும்னேதான் விட்டாங்க, ஏன்னா அத கேட்டா எல்லா அம்மாவும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. கடைசி ஏழு நாள்ல சிரிக்க முடிஞ்சுதா, வரப்போற விஷயத்த ஆசையா எதிர்பாத்தீங்களா, தேவையில்லாம உங்களையே குத்தம் சொல்லிக்கிட்டீங்களா, காரணமே இல்லாம பயம் வந்துச்சா, இதெல்லாம்தான் கேள்வி. தூக்கத்த பத்தி இருக்கறதும் பிள்ளை அழுது முழிச்சத கேக்கல, மனசு சரியில்லாம தூக்கம் வரலையானுதான் கேக்குது. பாப்பா தூங்கும்போதும் உங்க மனைவி முழிச்சிருக்காங்கனு நீங்களே எழுதிருக்கீங்க பாருங்க, அதுதான் வித்தியாசம்.

பிரசவமாகி மூணு நாலு நாள்ல சும்மாவே அழுகை வரும், பாதிக்கு மேல அம்மாக்களுக்கு வரும், ரெண்டு வாரத்துல தானா போயிரும். ஏழாவது வாரத்துல இருக்கறத அந்த கணக்குல சேக்க முடியாது. அழாததாலயும் நிம்மதி வேண்டாம், சில பேருக்கு இந்த மனச்சோர்வு பயமாத்தான் வெளிய வரும், மூச்ச செக் பண்ணிட்டே இருக்கறது அந்த மாதிரிதான்.

15ங்கற மார்க்க வச்சு நோய்னு யாரும் முடிவு பண்ண மாட்டாங்க, டாக்டர் உக்காந்து பேசித்தான் சொல்லுவாரு. ஆனா 13ஓ அதுக்கு மேலயோ வந்தா கண்டிப்பா பாக்கணும்னு பொதுவா சொல்லுவாங்க, தமிழ்ல இந்த பேப்பர சோதிச்சு பாத்தப்ப அதவிட கம்மியாவே எல்லை வச்சாங்க. எனக்கு அந்த 15ஐ விட கடைசி கேள்விதான் பெருசு. மொத்தம் ரெண்டு மார்க்தான் வந்திருந்தாலும், அந்த பத்தாவது கேள்வில ஒண்ணு விழுந்தா அன்னைக்கே அவங்கள தனியா வச்சு பேசணும். ஒரு மார்க்தானேனு விட்டுராதீங்க.

இன்னைக்கு நைட்டே போன் பண்ணி பக்கத்துல ஆள் இல்லாதப்ப நேரா கேளுங்க, "செத்துரலாம்னு தோணுதாம்மா"னு. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வராது, கேட்டுட்டாங்களேனு பல பேருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஆமானு சொன்னாலோ, எப்படினு யோசிச்சு வச்சிருந்தாலோ, காதுல குரல் கேக்குது, பாப்பாவ யாரோ ஏதோ பண்றாங்கனு சம்பந்தமில்லாம பேசினாலோ ஒரு நிமிஷம்கூட தனியா விடாதீங்க, அத்தைய பக்கத்துல இருக்க சொல்லிட்டு அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிருங்க. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், ராத்திரிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

டாக்டர்கிட்ட தைராய்டு, ரத்த அளவு ரெண்டையும் பாக்க சொல்லுங்க, பிரசவத்துக்கு அப்புறம் தைராய்டு மாறினாலும் இப்படி சோர்ந்து போவாங்க. மாத்திரை குடுத்தா பால நிறுத்தணுமோனு வீட்ல பயப்படுவாங்க, பால் குடுத்துட்டே சாப்பிடற மாத்திரை இருக்கு, செர்ட்ரலின் மாதிரி, பால் குடுக்கறாங்கனு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க. திரும்ப அந்த பேப்பர் குடுத்தா நீங்களோ அத்தையோ பக்கத்துல நிக்காதீங்க, அம்மா, புருஷன் கண்ணு முன்னாடி எந்த பொண்ணும் உண்மைய டிக் பண்ண மாட்டா.

சுத்தி போட்டத பத்தி அத்தைகிட்ட சண்டை வேண்டாம், அவங்க பயத்துக்கு அவங்க பண்ணிட்டாங்க. நைட்ல நாலஞ்சு மணி நேரம் பாப்பா பக்கத்துல முழிச்சிருந்து பாத்துக்க சொல்லுங்க, பால் குடுக்க மட்டும் மகள எழுப்பட்டும். சனி ஞாயிறு நீங்க முழிச்சிருங்க. டாக்டர் என்ன சொன்னாருனு எழுதுங்க தம்பி, எதிர்பாத்துட்டு இருப்பேன்.