வஞ்சிரமும் டீசலும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெட்ரோல், டீசல் விலை பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். "எண்ணெய்க் கம்பெனிகளைத் திட்டிப் பயனில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் எனக்குக் கோபம்.

நான் வில்லியனூரில் டாடா ஏஸ் வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலு நாள் கடலூர் ஓ.டி. வரை, அதாவது முதுநகர் துறைமுகம் வரை லோடு. 2023-24-இல் மூன்று அரசு எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து எண்பதாயிரம் கோடிக்கு மேல் லாபம் பார்த்ததாகப் பேப்பரில் வந்தது. அந்த வருடம் மார்ச் வரைக்கும் டீசல் ஒரு பைசா இறங்கவில்லை. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சியே எண்ணெய்க் கம்பெனி லாபத்துக்குத் தனி வரி போட்டது. அமெரிக்காவில் பைடன் வெளிப்படையாகவே மிரட்டினார். இங்கே மட்டும் ஏன் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை? நீங்களும் அவர்களுக்கு வக்காலத்து வாங்கலாமா?

2021-இல் வாங்கிய வாடகையைத்தான் இன்றும் வாங்குகிறேன். ஏற்றிக் கேட்டால் "வேற வண்டி பாத்துக்கறோம்" என்கிறார்கள்.

செ., வில்லியனூர்

*

அன்புள்ள செ.,

அந்த வரி அவசரத்தில் எழுதியது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது சரியில்லை. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வரியே போட்டார்கள். உங்கள் டீசலில் அது ஒரு பைசாவையும் குறைக்காததால் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

2022 ஜூலை 1. உள்நாட்டில் தோண்டி எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் வரி. ஏற்றுமதியாகும் பெட்ரோலுக்கும் விமான எரிபொருளுக்கும் லிட்டருக்கு 6 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். ஒரு டன் கச்சா என்பது ஏறத்தாழ 1,160 லிட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு இருபது ரூபாய் வருகிறது. சின்ன வரி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உலகச் சந்தையைப் பார்த்து ஏற்றி இறக்கினார்கள். 2024 டிசம்பர் 2 அன்று மொத்தமாக எடுத்துவிட்டார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் விண்ட்ஃபால் வரி என்று பெயர். காற்றடித்து விழுந்த பழத்துக்கு வரி. அவர்கள் ஊர்க் காற்று பழத்தை மட்டும் உதிர்த்துக் கொடுக்கும் போலிருக்கிறது. நமக்கு 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஓ.டி. துறைமுகத்துக்கு லோடு அடிக்கிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே விடியற்காலையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகுகள் மட்டும் கிட்டத்துக் கடலில் போய்விட்டு வரும். ஒரு மே மாதம் நான் பார்த்தது: ஃபைபர் படகு ஒன்றிலிருந்து ஒரே ஒரு வஞ்சிரம் இறங்கியது. ஆறு கிலோ இருக்கும். ஈரச் சாக்கின் மேல் வைத்ததும் சுற்றி இருபது பேர். மற்ற மாதங்களில் கிலோ எழுநூறுக்குப் போகிற மீன் அன்று ஆயிரத்து முன்னூறில் நின்றது. பிடித்தவர் வழக்கத்தைவிட ஒரு துடுப்பும் கூடப் போடவில்லை. வலை அதே வலை, டீசல் அதே டீசல். விலை ஏறியதற்கு ஒரே காரணம், மற்றவர்கள் கடலுக்குப் போகவில்லை. அந்த அறுநூறு ரூபாய்தான் காற்றில் விழுந்த பழம்.

அவரிடம் போய் வரி கேட்க எனக்கு மனம் வராது. வருஷத்தில் அவருக்குக் கிடைப்பதே அந்த ரெண்டு மாதம்தான். எண்ணெய் தோண்டும் கம்பெனிக்கு நடந்ததும் இதேதான், கோடிக்கணக்கில். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது, கச்சா விலை நூறு டாலரைத் தாண்டியது. கிணறு அதே கிணறு. அந்தக் கூடுதல் லாபத்தில் ஒரு பங்கை அரசு கேட்பதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. இதுவரைக்கும் நான் உங்கள் கட்சி.

ஆனால் அன்றைக்கே அதே மீனை ஏலத்தில் எடுத்து, கூடையில் ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் மஞ்சக்குப்பம் வரைக்கும் கொண்டுபோய் விற்ற அம்மா ஒருவர் இருந்தார். விலை ஏறியதில் அவருக்கு என்ன கிடைத்தது? முதல்தான் கூடுதலாக முடங்கியது. தோண்டுகிறவர் வேறு, சுத்திகரிப்பவர் வேறு, பங்க்குக்கு அனுப்புகிறவர் வேறு. ஒரே கம்பெனி இதில் இரண்டு வேலை செய்யலாம், ஆனால் லாபம் எந்த இடத்தில் ஊறுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். நீங்கள் சொன்ன எண்பதாயிரம் கோடிக் கம்பெனிகள் 2022 ஏப்ரல்-ஜூன் மூன்றே மாதத்தில் 18,480 கோடி நஷ்டம் காட்டின. கச்சா ஏறியபோது பங்க் விலையை ஏற்றவில்லை, அதனால் நஷ்டம். பிறகு கச்சா இறங்கியபோது பங்க் விலையை இறக்கவில்லை, அதனால் லாபம். 2022-இல் போட்ட வரி இந்த லாபத்தின் பக்கமே போகவில்லை. அது தோண்டுகிறவர்களுக்கும் ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் போட்ட வரி.

புதுச்சேரிக்காரரான உங்களுக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. தினசரி விலைமாற்றம் என்ற ஏற்பாட்டை முதலில் எங்கே சோதித்தார்கள் தெரியுமா? 2017 மே 1-இல், ஐந்து ஊர்களில். விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டிகர், அப்புறம் நம் புதுச்சேரி. நாடு முழுக்க வந்தது ஜூன் 16-இல். "சந்தை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்" என்று சொன்னார்கள். பைசா பைசாவாக ஏறிக்கொண்டும் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 22 வரை அசையவில்லை. நடுவில் உத்தரப் பிரதேசத் தேர்தல். அப்புறம் பதினைந்து நாளில் பத்து ரூபாய். 2022 மே மாதத்திலிருந்து மறுபடியும் ஏறத்தாழ இரண்டு வருஷம் சிலைபோல நின்று, மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்கு முந்தின நாள், 2024 மார்ச் 15-இல், இரண்டு ரூபாய் இறங்கியது. தினமும் மாறும் விலை என்று சொல்லித்தான் நம்மைச் சோதனை எலியாக்கினார்கள்.

ஆக, உங்கள் கோபம் கம்பெனி மேல். என் கோபம் விலையைப் பிடித்துவைக்கிற கையின் மேல். அந்தக் கை கம்பெனியின் கை இல்லை.

பிரிட்டனோடு ஒப்பிட்டதில் நீங்கள் பாதி சரி. 2022 மே 26 அன்று நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் 25 சதவீத வரியை அறிவித்தார். 2023 ஜனவரியில் அதை 35 ஆக்கினார்கள். அதில் ஓட்டை இருந்தது: கம்பெனி புதிதாக முதலீடு செய்தால் வரியில் பெரும்பகுதி தள்ளுபடி. ஆனாலும் ஒரு விஷயத்தை நான் மெச்சுகிறேன். வரியை அறிவித்த அதே பேச்சில், ஒவ்வொரு வீட்டின் மின்சார, எரிவாயுக் கட்டணத்திலும் 400 பவுண்டு கழிக்கப்படும் என்றும் சொன்னார். வரியால் மட்டும் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது என்பது வேறு விஷயம். இங்கிருந்து எடுக்கிறோம், அங்கே கொடுக்கிறோம் என்று ஜனங்களுக்குக் கண்ணெதிரே காட்டினார்கள்.

பைடன் 2022 அக்டோபர் கடைசியில் மிரட்டியது மிரட்டலோடு நின்றது. அமெரிக்காவில் உண்மையிலேயே போட்டது 1980-இல், அதிபர் கார்ட்டர் காலத்தில். அது பெயருக்குத்தான் லாப வரி. உண்மையில் விலை வித்தியாசத்தின் மேல் போட்ட கலால், அதாவது லாபத்தின் மேல் இல்லாமல் சரக்கின் மேல் போடும் வரி. எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை படுத்ததும் வரவு வற்றிவிட்டது, 1988-இல் எடுத்துவிட்டார்கள்.

நம் ஊர் விவகாரத்தில் சிக்கல் வேறு. பிரிட்டனில் ஷெல், பிபி எல்லாம் தனியார். இங்கே வரி கட்டிய பெரிய ஆள், எண்ணெய் தோண்டும் ஓஎன்ஜிசி கம்பெனி. அதில் பாதிக்கு மேல் பங்கு ஒன்றிய அரசுடையது. காரைக்கால் நிரவியில் அவர்களுடைய காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது, உங்கள் யூனியன் பிரதேசத்துக்குள்ளேயே. அங்கிருந்து எடுக்கிற வரி டெல்லிக்குப் போகிறது. சிறப்புக் கூடுதல் கலால் என்பதால் மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை. புதுச்சேரியோ, ஒன்றிய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும் நிதி ஆணையத்தின் பங்கீட்டுக்குள்ளேயே வராத ஊர். சட்டைப் பையில் இருந்ததை எடுத்து வேட்டி மடிப்பில் முடிந்துகொண்ட கதைதான். தனியார் கம்பெனிகள் கட்டியது மட்டும் வெளியிலிருந்து வந்த காசு. அரசுத் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: 2022 மே மாதம் கலாலில் பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் குறைத்ததில் வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடி இழப்பு என்றார் நிதியமைச்சர். அதில் ஒரு பகுதியை இந்த வரி நிரப்பியது.

இப்போது நீங்கள் கேட்ட வரிக்கு வருகிறேன், அதாவது பங்க் கம்பெனிகளின் லாபத்துக்கு வரி. அதுவும் நடந்தது. 2025 ஏப்ரலில் கச்சா விலை சரிந்த நேரம். கலாலை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றினார்கள், ஆனால் பங்க்கில் விலை மாறாது என்றார்கள். அந்த இரண்டு ரூபாயைக் கம்பெனி தன் லாபத்திலிருந்து கொடுத்தது. இது லாபத்துக்கு வரி இல்லாமல் வேறென்ன? அதே வருஷம் ஆகஸ்டில், சமையல் காஸை நஷ்டத்துக்கு விற்றதற்காக அதே மூன்று கம்பெனிகளுக்கும் 30,000 கோடி கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. இந்தப் போக்குவரத்தில் உங்கள் டாடா ஏஸ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரோட்டோரத்தில், இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு.

காற்றில் விழுந்த பழத்தை அதிகம் பொறுக்கியது யார் என்று கேட்டால் நான் கலாலைத்தான் காட்டுவேன். டீசல் கணக்கை மட்டும் சொல்கிறேன், அதுதான் உங்கள் கணக்கு. 2014 நவம்பருக்கு முன்னால் லிட்டருக்கு 3 ரூபாய் 56 காசு. கச்சா விலை சரியச் சரிய ஒன்பது தடவை ஏற்றி, 2016 ஜனவரி முடிவில் 17 ரூபாய் 33 காசு. 2020 மே மாதம், ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, ஒரே நாளில் 13 ரூபாய் ஏற்றினார்கள். 31 ரூபாய் 83 காசு. கச்சா தரைமட்டத்தில் கிடந்த நாட்கள் அவை. உங்கள் வண்டி அப்போது ஓடியிருக்காது, அதனால் உறைத்திருக்காது. பிறகு குறைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 3 ரூபாய் 56 காசுக்கு யாரும் திரும்பிப் போகவில்லை.

கடலூரில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்று, எல்லையிலிருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்த்தான் ஸ்கூட்டருக்கு அடிப்பார். ரெட்டிச்சாவடி வரும்போதே வண்டி ரிசர்வில் இருமும். லிட்டருக்கு ஆறு ரூபாய் மிச்சம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து லிட்டருக்கு முப்பது ரூபாய். போய்வர இருபது கிலோமீட்டர். அவர் ஸ்கூட்டர் ஐம்பது கொடுத்தால்கூட நாற்பது ரூபாய் எண்ணெய் காலி. ஒருநாள் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அது சரி சார், நம்ம கவர்மெண்டுக்குக் கட்டக் கூடாதுன்னுதான் போறேன்" என்றார். வாட் என்கிற விற்பனை வரி அங்கேயும் உண்டு, கலாலும் அங்கேயும் அதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பத்து ரூபாய் நஷ்டத்தில் அவருக்கு அவ்வளவு திருப்தி.

இன்னொன்று. இங்கே பெரியகுப்பத்தில் கட்டிக்கொண்டிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மட்டும் முடிந்திருந்தால் கடலூரில் டீசல் மலிவாகக் கிடைத்திருக்கும் என்று இன்னமும் டீக்கடையில் பேசுகிறார்கள். தானே புயல் அந்த ஆலையையும் பதம் பார்த்தது, பிறகு கடனில் மூழ்கிக் கலைப்புக்குப் போனது. எழுந்து நின்றிருந்தாலும் விலை குறைந்திருக்காது. ஆலை வாசலிலேயே நின்று அடித்தாலும் உலகச் சந்தையை ஒட்டிய விலைதான், அதன் மேல் டெல்லி கலால், அதன் மேல் சென்னை வாட்.

கடைசியாக உங்கள் வாடகை. உண்மையில் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு வாக்கியம்தான். கச்சா ஏறினால் தோண்டுகிறவர் ஏற்றுவார், கம்பெனி கொஞ்சம் பொறுத்திருந்து பிற்பாடு எடுத்துக்கொள்ளும், அரசு இரண்டு பக்கமும் எடுக்கும். யார் மேலும் ஏற்ற முடியாதவர் நீங்கள் ஒருவர்தான். "வேற வண்டி பாத்துக்கறோம்" என்கிறவர்கள் வேறு வண்டி பார்க்கட்டும். அந்த வண்டிக்காரரும் டீசல்தான் போடுகிறார். ஓ.டி.யில் ஐஸ் விலை ஏறியபோது எந்த வியாபாரியும் வேறு ஐஸ் தேடிப் போனதாக நான் கேள்விப்படவில்லை. முடிந்தால் துறைமுகத்துக்கு ஓட்டுகிற நாலைந்து பேர் சேர்ந்து, தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குகிற வாரத்தில் கேளுங்கள். வண்டிக்கு அலைகிற வாரம் அது.