தண்ணீருக்கு அடியில் கைக்கருவிகளைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?

தரையில் ஃபிட்டராக இருந்துவிட்டு டைவிங் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். அதே சுத்தியலும் ஸ்பானரும்தானே, கீழே என்ன புதிதாகக் கற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கருவி அதேதான், கால் ஊன்றத்தான் இடம் இருக்காது. இறுகிய நட்டைத் தரையில் இழுத்தால் நட்டு திரும்பும், தண்ணீரில் நாம் திரும்புவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தூணின் கிளாம்ப் போல்ட்டை முழு பலத்தோடு இழுத்தேன். ஸ்பானர் வழுக்கியது. முழங்கை தூணில் ஒட்டியிருந்த சிப்பி ஓடுகளில் உரசி, உடையோடு தோலும் கிழிந்தது. அன்றிலிருந்து முதலில் உடலுக்குப் பிடி தேடுவேன், பிறகுதான் ஸ்பானரைத் தொடுவேன். இடது கையால் தூணைப் பற்றி, முழங்காலால் அணைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சுத்தியலை ஓங்கி வீசாதீர்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. வீச்சின் வேகம் பாதி வழியிலேயே செத்துவிடும். கொஞ்சம் கனமான தலை, குறுகிய அடி போதும். மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். இரைக்க இரைக்க வேலை செய்தால் உடலில் கரியமில வாயு தேங்கித் தலை கிறுகிறுக்கும்.

அறுக்கும் கருவியைப் பற்றித்தான் மிகவும் அழுத்திச் சொல்வேன். கலங்கல் தண்ணீரில் ஒருமுறை, சிக்கிய கயிறு என்று நினைத்து ஒன்றைப் பிடித்துக் கத்தியை வைத்தேன். கயிற்றைப்போல் அது நசுங்கவில்லை. வழவழவென்று விறைப்பாக இருந்தது. கையை நகர்த்தித் தடவிக்கொண்டே போனேன். அது உடன் வந்தவரின் காற்றுக் குழாய். கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அறுக்கும் முன் உங்கள் குழாயையும் அடுத்தவர் குழாயையும் தடவி உறுதி செய்யுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் குழாயின் இணைப்பில் போல்ட்டைத் தளர்த்தும் முன், இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிட்டதா என்று மேலே இருப்பவர்களிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அழுத்தம் குறைந்த பக்கம் கையையோ காலையோ உறிஞ்சிப் பிடித்தால் எந்தப் பலமும் உதவாது.

கனமான கருவியை உடலில் கட்டிக்கொள்ள வேண்டாம். பையில் போட்டுக் கயிற்றில் இறக்கச் சொல்லுங்கள். பைக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

இனிப் பராமரிப்பு. மேலே வந்ததும் களைப்பில் பையைச் சுருட்டி வைக்கத் தோன்றும். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் துரு நிற்காது. நன்னீரில் ஊறவைத்து, பிளேயரின் மூட்டையும் ஸ்பானரின் திருகையும் தண்ணீருக்குள்ளேயே பலமுறை அசையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெய் பூசி, இறங்கும் முன் கைப்பிடியில் இருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் கருவிகளின் பக்கமே போகாதீர்கள், தீப்பிடிக்கும்.

சுத்தியலின் மரப்பிடி ஊறினால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். தலை ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் அசைத்துப் பாருங்கள். உளியின் தலை காளான்போல் விரிந்திருந்தால் அரைத்துச் சீராக்கிய பிறகே எடுங்கள். கத்தியை உறையோடு கழுவினால் போதாது. துருப்பிடிக்காத எஃகும் உப்பு நீர் தேங்கிய இடத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும். நான் உறையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மறுநாள் காலையில்தான் கத்தியை உள்ளே போடுகிறேன்.