மீட்டிங் அழைப்புக்குக் குழு முகவரியைப் போடலாமா?

கேள்வி இது: அலுவலகக் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பும்போது குழு மின்னஞ்சல் முகவரியை அப்படியே போடலாமா, இல்லை ஒவ்வொருவர் பெயராகச் சேர்க்க வேண்டுமா? அந்தக் குழுப் பட்டியலை எப்படிப் பராமரிப்பது?

ஒரே ஒரு முறை நடக்கிற கூட்டம் என்றால் குழு முகவரியைத் தாராளமாகப் போடுங்கள். வாரா வாரம், மாதா மாதம் நடக்கிற கூட்டம் என்றால், அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள பொறுப்பான ஆள் ஒருவர் இருந்தால் மட்டும் போடுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் நேரம் ஆனாலும் பெயர் பெயராகச் சேர்ப்பதுதான் நல்லது.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஷூ ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆம்பூரில் ஒரு யூனிட், மேல்விஷாரத்தில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிற யூனிட், தோல் வருவது வாணியம்பாடியிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும். இத்தனை இடத்து ஆட்களையும் வெளிநாட்டு பையரையும் (சரக்கு வாங்குகிறவர்) ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் உட்கார வைப்பது என் பொறுப்பு. அதனால் இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

சாதாரண மெயில் போய்ச் சேர்ந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். அழைப்பு அப்படியில்லை. நேரம் மாறினால் அந்த மாற்றம் எல்லாருக்கும் போக வேண்டும், ரத்தானால் அதுவும் போக வேண்டும், ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ என்கிற பதில் அழைத்தவருக்குத் திரும்பி வர வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு அழைப்புக்குள்ளும் ஒரு ஐகேலண்டர் கோப்பு (காலண்டர் செயலிகள் படிக்கிற வடிவில் கூட்ட விவரம்) இருக்கிறது, அதற்கென்று தனி அடையாளக் குறியும் இருக்கிறது. 2009-இல் வெளியான ஆர்எஃப்சி 5545 என்கிற தர ஆவணம்தான் இதற்கு அடிப்படை. அவுட்லுக்கிலிருந்து போகிற அழைப்பு கூகுள் காலண்டரில் ஒழுங்காகப் பதிவாவதும், பின்னால் வரும் மாற்றம் புதுக் கூட்டமாக விழாமல் பழையதையே திருத்துவதும் அந்தக் குறியால்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், குழு முகவரிக்குப் பின்னால் இருக்கிற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ‘கட்டிங் ஆம்பூர்’ என்ற முகவரிக்கு அழைப்பு அனுப்பினால், அந்த நேரத்தில் அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து சர்வர் பிரித்துக் கொடுக்கும். அவுட்லுக்கும் அதற்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் என்கிற மெயில் சர்வரும் இருக்கிற அலுவலகங்களில் சாதாரண விநியோகப் பட்டியலுக்கு அவ்வளவுதான் நடக்கும். நாளைக்குப் பட்டியலில் சேருகிறவருக்கு நேற்று போன அழைப்பு தானாகப் போகாது. பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவரின் காலண்டரிலிருந்து கூட்டம் தானாகப் போய்விடவும் செய்யாது.

எங்களிடம் திங்கட்கிழமை மதியம் சாம்பிள் கூட்டம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த க்யூசி (தரம் சரிபார்க்கிற) பெண்ணைப் பட்டியலில் சேர்த்தாயிற்று, மெயில் எல்லாம் அவருக்குப் போகிறது. கூட்டம் தொடங்கிவிட்டது, அவரைக் காணோம். ஜெர்மனி பையர் கேமராவுக்கு நேராக ஷூவைத் தூக்கிப் பிடித்து, முன்பக்கம் பசை விட்டிருக்கிறதே என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பெண் லாஸ்டிங் மெஷின் (அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்துகிற இயந்திரம்) பக்கத்தில் நின்று அதே மாடலைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். போன் போட்டால், “அண்ணா, எனக்கு மீட்டிங்னு எதுவுமே வரலையே, மெயில் மட்டும்தான் வருது” என்கிறார். அவர் சொன்னது முழுக்கச் சரி. தொடர் அழைப்பு அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே போயிருந்தது. வேறு பிரிவுக்கு மாறிப்போன பழைய க்யூசிக்கோ வாரா வாரம் நினைவூட்டல் வந்துகொண்டிருந்தது.

புதியவர் வந்தால் பட்டியலில் சேர்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தொடர் கூட்டத்தைத் திறந்து அவர் பெயரைத் தனியாகவும் சேருங்கள். அனுப்பும்போது, எல்லாருக்கும் அனுப்பவா, புதிதாகச் சேர்த்தவர்களுக்கும் நீக்கியவர்களுக்கும் மட்டும் அனுப்பவா என்று அவுட்லுக் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்குத் தேவையில்லாமல் இன்னொரு மெயில் போகாது. அடிக்கடி ‘மாற்றம்’ என்று மெயில் வந்தால் ஆட்கள் திறந்து பார்ப்பதையே விட்டுவிடுவார்கள், அப்புறம் உண்மையாகவே நேரம் மாறுகிற அன்றைக்குக் கஷ்டம்.

விலகுகிறவர் விஷயத்தில் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு குழு முகவரிக்குப் போகிற மாற்றமோ ரத்தோ அவரிடம் போகாது. அவர் காலண்டரில் பழைய நேரத்திலேயே கூட்டம் நிற்கும், அவராகப் பார்த்து அழித்தால்தான் உண்டு. அதனால் முதலில் அவுட்லுக்கில் கூட்டத்தைத் திறந்து, குழுப் பெயருக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தி உறுப்பினர்களை விரியுங்கள். அவர் பெயரை நீக்கி அனுப்புங்கள், ரத்துச் செய்தி அவருக்குப் போனதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் கை வைப்பது அதற்குப் பிறகு.

விரித்ததை மறுபடி சுருக்க முடியாது. விரித்த பிறகு அந்தக் கூட்டத்துக்கும் குழுப் பட்டியலுக்கும் தொடர்பு அறுந்துவிடும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது பேருக்குள் இருக்கிற தொடர் கூட்டம் என்றால் அனுப்புவதற்கு முன்பே விரித்துவிடுவதுதான் என் வழக்கம். யாரெல்லாம் வரப்போகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும், தேவையில்லாத பெயரை அங்கேயே எடுத்துவிடலாம். அறுபது எழுபது பேர் என்றால் அது சரிப்படாது, குழு முகவரியாகவே இருக்கட்டும்.

கூகுள் காலண்டரில் இது கொஞ்சம் சுலபம். கூகுள் குழுவின் முகவரியை விருந்தினராகச் சேர்த்தால் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அழைப்பு போய்விடும். ஆனால் அந்தக் குழுவின் உறுப்பினர்களைப் பார்க்கிற அனுமதி உங்களுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் குழுவின் பெயர் மட்டும் ஒரே வரியாகத் தெரியும், யார் வருகிறார், யார் வரவில்லை என்பது தெரியாது. குழுவின் பொறுப்பாளரிடம் கேட்டு அந்த அனுமதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது வெளி ஆட்கள் விஷயத்தில். அழைப்பைத் திறக்கிறவருக்கு வழக்கமாக மற்ற விருந்தினர் பெயர்களும் தெரியும். ஒரு கூட்டத்துக்கு ‘தோல் சப்ளை’ என்ற ஒரே பட்டியலை யாரோ போட்டுவிட்டார்கள். அதில் ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு டேனரிகள் (தோல் பதனிடும் ஆலைகள்) இருந்தன. அடுத்த நாள் ஒரு டேனரியிலிருந்து பெரியவர் போன் செய்து, “தம்பி, அவங்ககிட்டயும் ரேட் கேட்டிருக்கீங்க போல” என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தமாகச் சொன்னார். தலைமுறையாக வாய் வார்த்தையில் நடக்கிற தொழில் இது. ஒரு பெயர்ப் பட்டியல் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விடவே கூடாது. கூகுளில் ‘விருந்தினர் பட்டியலைப் பார்க்கலாம்’, ‘மற்றவர்களை அழைக்கலாம்’ என்ற இரண்டு டிக்கையும் எடுத்துவிடலாம். ஆனால் அமைப்புகளை நம்புவதைவிட, உள் ஆட்களுக்கு ஒரு பட்டியல், வெளி ஆட்களுக்கு வேறு என்று பிரித்துவிடுங்கள், போட்டியாளர்களை ஒரே அழைப்பில் சேர்க்காதீர்கள். அழைப்பின் விவரப் பகுதியில் விலை எழுதவே வேண்டாம். அதை யார் யாருக்கு ஃபார்வர்ட் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

பட்டியலுக்குப் பெயர் வைப்பதிலும் ஒரு யோசனை. ஊர்ப் பெயரில் வைக்காமல் வேலையின் பெயரில் வையுங்கள். 2019-இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு புது மாவட்டங்கள் வந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்கு. ‘வேலூர் எல்லாரும்’ என்ற பட்டியலில் இன்றைக்கு யார் இருக்க வேண்டும் என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். ‘சாம்பிள் ஒப்புதல்’, ‘ஷிப்மெண்ட்’ என்றிருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

பட்டியலில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் நேரமும் வைக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் ஆட்கள் இருக்கிற கூட்டத்தை வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை வைக்காதீர்கள், ஜும்மா தொழுகை நேரம். ஐரோப்பிய பையர் இருந்தால் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும். இங்கே மாலை மூன்று மணி என்பது ஜெர்மனியில் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பத்தரை. தொடர் அழைப்பை யார் நாட்டு நேரத்தில் போடுகிறோம் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, பட்டியலுக்கு யாரைப் பொறுப்பாகப் போடுவது? ஐடி பிரிவிடம் விடுவது வழக்கம், ஆனால் ஒருவர் வேலையை விட்ட செய்தி அவர்களுக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும். தொழிற்சாலைகளில் யார் சேர்ந்தார், யார் நின்றார், யார் வேறு யூனிட்டுக்குப் போனார் என்பது முதலில் தெரிவது வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸுக்கு. அங்கே இருக்கிற ஒருவரைப் பட்டியலின் உரிமையாளராகப் போடச் சொல்லி ஐடியிடம் கேளுங்கள். அவர் லீவு போட்டால் பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆளையும் சேர்த்துவிடுங்கள். பெயர் ஒன்று மாறும்போதெல்லாம் தொடர் கூட்டம் நடத்துகிறவருக்கு அவர்களே ஒரு வரி மெயில் போட்டுவிட்டால், அழைப்பில் சேர்ப்பதும் நீக்குவதும் ஐந்து நிமிட வேலை.