அட்ரீனல் சிரை ரத்தப் பரிசோதனை: வலது பக்கம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. மூன்று மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை, பொட்டாசியம் 2.9. ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் அதிகம் சுரப்பதாக உறுதி செய்தார்கள். சி.டி. ஸ்கேனில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில், இடது பக்கம் 12 மி.மீ. கட்டி தெரிகிறது. இரண்டு பக்கச் சிரைகளிலிருந்தும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், வலது பக்கம் சரியாகக் கிடைக்கவில்லை. ஸ்கேன் துணையோடு மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டிதான் தெரிகிறதே, நேராக ஆபரேஷனுக்குப் போகக் கூடாதா?

பதில்: மறுபடி எடுப்பதுதான் சரி. கட்டி இருப்பதை சி.டி. காட்டும், அந்தக் கட்டிதான் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறதா என்பதைக் காட்டாது. நாற்பதைத் தாண்டியவர்களின் அட்ரீனலில் எதையும் சுரக்காத கட்டி இருப்பது அபூர்வமில்லை. ஹார்மோனைக் கொட்டுவது எதிர்ப்பக்கத்தில், ஸ்கேனுக்குச் சிக்காத சிறு முடிச்சாக இருக்கலாம். இரண்டு பக்கமுமே சுரக்கலாம். அப்படியானால் ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரைதான் சிகிச்சை. 950 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஏறக்குறைய 38 சதவீதம் பேருக்கு ஸ்கேன் சொன்னதும் சிரை ரத்தம் சொன்னதும் பொருந்தவில்லை. வயது 35-க்குள், பொட்டாசியம் தானாகவே குறைவு, ஆல்டோஸ்டிரோன் மிக அதிகம், ஒரு பக்கம் மட்டும் தெளிவான கட்டி: இவை அத்தனையும் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டு எண்டோகிரைன் சொசைட்டி வழிகாட்டுதல். உங்கள் கணவர் அந்த வரம்புக்குள் வரவில்லை.

வலது பக்கம் தவறுவதற்குக் காரணம் உடற்கூறு. இடது அட்ரீனல் சிரை, இடது சிறுநீரகச் சிரையில் போய்ச் சேர்கிறது. ரத்தம் எடுக்கச் சிரைக்குள் செலுத்தும் மெல்லிய குழாயான கத்தீட்டருக்கு அது பழகிய பாதை. வலது சிரையோ பெரும்பாலும் 1 செ.மீ. நீளம்கூட இருக்காது. உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரையின் பின்சுவரில் நேராகத் திறக்கும். அதன் அருகிலேயே கல்லீரலின் துணைச் சிரைகளும் திறக்கின்றன. சிலருக்கு இரண்டும் ஒரே வாயில் சேர்ந்திருக்கும். சாதாரண எக்ஸ்ரே திரையில் ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிடுவது எளிது.

ஸ்கேன் இங்கே இரண்டு கட்டங்களில் உதவும். முதலாவது, முன்கூட்டியே எடுக்கும் சி.டி. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, 1 மி.மீ. அளவு மெல்லிய துண்டுகளாக எடுத்த படத்தில் வலது சிரையின் வாய் எந்த முள்ளெலும்பின் உயரத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் குறித்துக்கொள்ள முடியும். எந்த வளைவுள்ள கத்தீட்டர் பொருந்தும் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்யலாம். உங்களிடம் இருக்கும் சி.டி. கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் அது வரைபடமாகப் பயன்படாது.

இரண்டாவது, கத்தீட்டர் செலுத்தும் அறையான கேத்லேபின் மேஜையிலேயே எடுக்கும் கோன் பீம் சி.டி. கத்தீட்டர் முனை வலது சிரையில் இருப்பதாகத் தோன்றியதும், நீர்த்த கான்ட்ராஸ்டை மெதுவாகச் செலுத்தியபடி எக்ஸ்ரே கருவி நோயாளியைச் சுற்றிச் சுழலும். அந்தச் சில விநாடிகள் அவர் மூச்சை அடக்கியிருக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அட்ரீனல் சுரப்பி நிறைந்து தெரிந்தால் இடம் சரி. கல்லீரல் திசு ஒளிர்ந்தால் முனை துணைச் சிரையில் இருக்கிறது, இடம் மாற்ற வேண்டும். கதிர்வீச்சு கொஞ்சம் கூடும். தவறான ரத்தத்தை எடுத்து மூன்றாம் முறை படுக்க வைப்பதைவிட அது மேல்.

இடம் சரியாக அமைந்தபின்னும் ரத்தம் எடுப்பதில் பொறுமை வேண்டும். வேகமாக உறிஞ்சினால் மெல்லிய சிரைச்சுவர் கத்தீட்டர் முனையில் ஒட்டிக்கொண்டு, பெருஞ்சிரை ரத்தம் கலந்து வரும். இதற்காகவே முனையருகே பக்கத் துளை உள்ள கத்தீட்டரைப் பயன்படுத்துகிறார்கள்.

எடுத்தது அட்ரீனல் ரத்தம்தானா என்பதை இறுதியாகச் சொல்வது, அட்ரீனல் சுரக்கும் மற்றொரு ஹார்மோனான கார்டிசால். அட்ரீனல் சிரையின் கார்டிசாலைக் கீழ்ப்பெருஞ்சிரையின் கார்டிசாலால் வகுத்துப் பாருங்கள். அட்ரீனலைத் தூண்டும் மருந்தான காசின்ட்ரோபின் கொடுத்து எடுத்திருந்தால், பல மையங்கள் 5-க்கு மேல் எதிர்பார்க்கின்றன. கொடுக்காவிட்டால் 2 போதும். உதாரணமாக, மருந்து கொடுத்தபின் பெருஞ்சிரையில் 20, இடதில் 400, வலதில் 24 என்றால், இடது விகிதம் 20, தேறிவிட்டது, வலது 1.2, தவறிவிட்டது. கேத்லேபில் இருக்கும்போதே கார்டிசால் முடிவைத் தரும் விரைவுப் பரிசோதனை உள்ள மருத்துவமனை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கோன் பீம் படமும் அந்த எண்ணும் சேர்ந்தால், தவறியது அன்றே தெரிந்து அன்றே திருத்தப்படும்.

பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். இடது சிரையிலும் பெருஞ்சிரையிலும் தனித்தனியே ஆல்டோஸ்டிரோனைக் கார்டிசாலால் வகுத்து, முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஒரு குறிப்பு கிடைக்கும். 5.5-ஐத் தொட்டால் இடது பக்கமே மூலம் என்றும், 0.5-க்குள் இருந்தால் வலது என்றும் சில மையங்கள் எடுத்துக்கொள்கின்றன. இடைப்பட்ட எண்ணை வைத்து யாரும் ஆபரேஷன் முடிவு எடுக்கக் கூடாது.

போகுமுன் டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரைகளான ஸ்பைரோனோலாக்டோன், எப்லெரினோன் இருந்தால் பொதுவாக 4 முதல் 6 வாரம் முன்பே நிறுத்தி, வெரபமில், பிராசோசின் போன்ற வேறு ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மாற்றுவார்கள். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பொட்டாசியத்தைச் சரிசெய்தாக வேண்டும். அது குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டிரோன் சுரப்பே அடங்கி முடிவு பொய்யாகும். கட்டி இருப்பதால், கார்டிசால் அதிகம் சுரக்கிறதா என்று பார்க்கும் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டி கார்டிசாலையும் சுரந்தால், மேலே சொன்ன வகுத்தல் கணக்கு முழுவதும் தடம் புரளும். சிறுநீரகக் கோளாறோ கான்ட்ராஸ்ட் ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

தொடையிடுக்கில் மரப்பு ஊசி போட்டுத்தான் செய்வார்கள். மயக்க மருந்து தேவைப்படாது. சிரை கிழிந்து சுரப்பிக்குள் ரத்தம் கசிவது அனுபவமுள்ள மையங்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு. சோதனையின்போதோ அன்று இரவோ முதுகில் அல்லது விலாவில் திடீரென வலி எடுத்தால், தாங்கிக்கொண்டு கிடக்காமல் உடனே சொல்லச் சொல்லுங்கள்.