சூரிய ஆற்றலில் கைகோக்கும் நாடுகள் அணு உலை விஷயத்தில் மட்டும் நம்மிடம் பேச ஏன் தயங்குகின்றன?

நீங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிந்து கேட்டிருக்கிறீர்கள். சூரிய ஆற்றல் ஆராய்ச்சியில் நாடுகள் ஒளிவுமறைவின்றி ஒத்துழைக்கும்போது அணுசக்தி ஒழுங்குமுறை மட்டும் ஏன் மூடிய அறைக்குள் நடக்கிறது என்பது ஒன்று. இந்த ஒத்துழைப்புகளால் தென் மாவட்டத்து மக்களுக்கு ஏதேனும் வந்து சேர்கிறதா என்பது மற்றொன்று. கேள்வியின் நடையைப் பார்த்தால் நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று தோன்றுகிறது. தேர்வுக்கு வேண்டிய ஆண்டுகளும் பெயர்களும் இந்தப் பதிலில் வரும் என்றாலும், அவற்றைத் தருவதற்காக மட்டும் நான் எழுத உட்காரவில்லை. மதுரையை அடுத்த ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு துறைகளும் என் பணிக்காலத்தில் என் வாசலுக்கு வந்தவை. அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதற்குள் நான் போகப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்ன பிறகும் இரு தரப்பிலிருந்தும் சிலர் வந்து என்னை எதிர்த்தரப்பின் ஆள் என்பார்கள். அது எனக்குப் பழகிப்போன ஒன்று.

உங்கள் முதல் கேள்வியின் அடித்தளம் பாதிதான் சரி. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது சர்வதேசச் சூரியக் கூட்டணியாக இருக்க வேண்டும். 2015 நவம்பர் 30 அன்று பாரிஸ் பருவநிலை மாநாட்டில் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து அதைத் தொடங்கின. அதன் அடிப்படை ஒப்பந்தம் 2017 டிசம்பர் 6 அன்று நடைமுறைக்கு வந்தது. தலைமையகம் குருகிராமில் இருக்கிறது. ஆனால் உறுப்பு நாடுகளுக்கு நிதி திரட்டித் தருவதும் பயிற்சி அளிப்பதும் கொள்முதலுக்கு வழி காட்டுவதுமே அதன் முதன்மையான வேலைகள். ஆய்வுக்கூடம் நடத்துவது அன்று. ஆராய்ச்சி என்று எடுத்துக்கொண்டால், 2012இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் தலைமையேற்று நடத்திய இந்திய அமெரிக்கச் சூரிய ஆற்றல் ஆராய்ச்சி நிறுவனத்தைப் போன்றவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

இத்தகைய ஆராய்ச்சிகள் நம் ஊருக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். சூரியத் தகடுகளின் மேல் அச்சிடப்படும் வாட் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் உள்ள ஆய்வக நிலையில் அளக்கப்படுவது. சிலிக்கன் தகட்டின் திறன், வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. மே மாத நண்பகலில் மதுரை மொட்டை மாடியில் கிடக்கும் தகடு 60 டிகிரியைத் தொடுவது இயல்பு. அப்படியானால் 14 விழுக்காடு அங்கேயே போய்விடுகிறது, தூசியை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவில்லை. வெயில் அதிகமுள்ள ஊரில் மின்சாரமும் அதே அளவு அதிகமாகக் கிடைக்கும் என்று எண்ணித் தகடு வாங்குகிறவர்களுக்கு விற்பனையாளர் இதைச் சொல்வதில்லை. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒளிமின்னழுத்த ஆராய்ச்சி மையமும் தேசியச் சூரிய ஆற்றல் நிறுவனமும் 2013 முதல் சில ஆண்டு இடைவெளிகளில் நாடு முழுவதும் தகடுகளைச் சோதித்து, வெப்பமான பகுதிகளில் அவை விரைவாகத் தேய்வதையும், பெரிய சூரியப் பூங்காக்களைவிடச் சிறிய கூரை அமைப்புகளே மோசமாக இருப்பதையும் எழுதி வெளியிட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆங்கிலம் தெரிந்திருந்தால்.

எங்கள் துறையும் ஓர் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து தகடுகளில் படியும் தூசியை அளக்கும் சிறு திட்டம் ஒன்றை நடத்தியது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் நிறுவப்பட்ட பிறகு அந்தப் பக்கத்துக் கரிசல் காட்டின் புழுதி உலக ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு உரிய பொருளாகிவிட்டது. எங்கள் கருவிகளையும் அந்த வட்டாரத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில்தான் நிறுத்தியிருந்தோம். அளவுகள் ஒவ்வொன்றும் கடல் கடந்து ஒரு கணினிக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் ஒருநாள், "எங்காட்டுல எம்புட்டு வெயில் அடிக்குதுன்னு வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலையே வாத்தியாரே" என்றார். அளவுகளை அவரிடம் சொல்ல ஒப்பந்தத்தில் இடமில்லை என்று எங்கள் பக்கத்திலேயே ஒருவர் தடுத்தார். நான் விடவில்லை, கூட்டாளிகளுக்கு எழுதி ஒப்புதல் வாங்கி, மாதந்தோறும் வெயில் அளவையும் தூசியால் ஏற்பட்ட இழப்பையும் ஒரு தாளில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். அந்தத் திட்டத்திலிருந்து வந்த ஆய்வுக் கட்டுரையைவிட அந்தத் தாளை அதிகம் பேர் படித்தார்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆகவே, சூரிய ஆற்றலில் எல்லாம் வெளிப்படை என்ற உங்கள் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அங்கே மறைப்பதற்குக் காரணம் குறைவு, அவ்வளவே. தானாக யாரும் வந்து சொல்வதில்லை.

இடையில் என் சொந்த வயிற்றெரிச்சல் ஒன்றையும் பதிந்துவிடுகிறேன். கூரையில் தகடு பொருத்தியும், வாங்கும் மின்சாரத்தையும் திருப்பித் தரும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டருக்காக ஓர் அலுவலகத்தின் படியை நெடுங்காலம் தேய்த்தவன் நான். நாடுகளுக்கிடையில் கையெழுத்தாகும் காகிதங்கள் நகரும் வேகத்தில் கால் பங்காவது என் விண்ணப்பம் நகர்ந்திருக்கலாம்.

இனி அணுசக்திக்கு வருகிறேன். ஒழுங்குமுறையாளர்கள், அதாவது உலைகளின் பாதுகாப்பைக் கண்காணிப்பவர்கள், பேசுவதே இல்லை என்பது தவறான எண்ணம். அவர்கள் தங்களுக்குள் நிறையவே பேசிக்கொள்கிறார்கள். 1986 ஏப்ரலில் செர்னோபில் விபத்தின் செய்தியை அண்டை நாடுகள் தாமதமாக அறிந்ததால், அதே ஆண்டிலேயே விபத்தை உடனே அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கை உருவானது. 1994இல் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்தியா 2005இல் சேர்ந்தது; அதன்படி மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாடும் தன் உலைகளின் பாதுகாப்பு நிலை குறித்து அறிக்கை எழுதி, பிற நாடுகளின் எழுத்துப்பூர்வமான கேள்விகளுக்குப் பதில் தந்து, வியன்னாவில் கூடி விவாதிக்க வேண்டும். கூடங்குளத்தில் உள்ளவற்றைப் போன்ற ரஷ்ய வடிவ உலைகளை இயக்கும் நாடுகளின் ஒழுங்குமுறையாளர்களுக்குத் தனி மன்றம் உண்டு, இந்தியா அதில் உறுப்பினர். 2015 மார்ச்சில் சர்வதேச அணுசக்தி முகமையின் வல்லுநர் குழு இங்கே வந்து நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை ஆராய்ந்து, அதன் சுதந்திரத்தைச் சட்டத்திலேயே எழுதி உறுதிப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 2012இல், நம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தார். அதற்காக 2011இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2014இல் மக்களவையோடு காலாவதியாகிப்போனது. இவ்வளவு ஏன், பேச்சுவார்த்தையே நின்றுபோன ஆண்டுகளில்கூட இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஒவ்வொரு சனவரி முதல் நாளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன.

மக்களிடம் பேசுவதற்கென்றே உருவானதும் ஒன்று உண்டு. நிகழ்வின் கடுமையை ஒன்று முதல் ஏழு வரை எண்ணால் சொல்லும் அளவுகோல் 1990இல் அறிமுகமானது, செய்தித்தாள் வாசகருக்கும் புரிய வேண்டும் என்ற நோக்கத்தோடு. ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்தை முதலில் நான்கு என்றார்கள், பிறகு ஐந்து, 2011 ஏப்ரல் 12 அன்று ஏழு. கிடைக்கக் கிடைக்கத் தகவலைச் சேர்த்து எண்ணை உயர்த்துவது அறிவியலாளருக்கு முறையான நடைமுறைதான். இந்த எண்ணிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நம் ஊர்க்காரருக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அது நேரில் தெரியவந்தது. 2011ஆம் ஆண்டின் கடைசியில், கூடங்குளம் உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம் நாள்தோறும் செய்தியாகிக்கொண்டிருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடந்தது. மாலைக் கூட்டத்தில் அணு உலையைப் பற்றி விளக்கச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். கூடங்குளம் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆர்வம் இருக்காது என்று எண்ணித்தான் போனேன். கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் பக்கம் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த ஓர் அம்மா எழுந்து, "அடுப்ப அணைச்சா உலை அடங்கிரும்ல சார்? ஜப்பான்ல நிப்பாட்டுன பெறகும் ஏன் கொதிச்சிச்சுங்கிறாங்க?" என்று கேட்டார்.

புகுஷிமாவின் முழுக் காரணமும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. உலையை நிறுத்தியதும் யுரேனியப் பிளவுதான் நிற்கிறது. பிளவில் பிறந்த துண்டுகள் தொடர்ந்து சிதைந்து வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்திய நொடியில் அது முழு வெப்பத்தில் ஆறு ஏழு விழுக்காடு. கூடங்குளம் அளவுள்ள 3000 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட உலையில் இருநூறு மெகாவாட்டை ஒட்டி வரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் குறைந்துகொண்டு போனாலும் அத்தனை நேரமும் குளிர்விப்பு தேவை. சுனாமி அங்கே டீசல் மின்னாக்கிகளை மூழ்கடித்ததால் தண்ணீரை ஓட்ட வழியில்லாமல் போயிற்று. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாதபோதும் காற்றின் இயல்பான ஓட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டியபோது கூட்டம் அசையாமல் கேட்டது. பாமரருக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்பவர்களை அன்றோடு நான் நம்புவதை விட்டேன்.

முடிந்ததும் அந்த அம்மா, "நீங்க சொன்னது சரி. எம் மக இருக்கிற ஊருல இத யாரு சார் போயிச் சொல்லுவா?" என்றார். அவர் கையில் கொடுத்தனுப்ப எதையாவது தேடினேன். உலையை நடத்துபவர் தரப்புக் கையேடும் எதிர்ப்பாளர் தரப்புத் துண்டறிக்கையும் கிடைத்தன. உலையைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்புள்ளவர், எது சரியாக இருந்தது, எது குறையாக இருந்தது, எதைத் திருத்தச் சொன்னோம் என்று தமிழில் எழுதிய ஒரு தாள்தான் எனக்கு வேண்டியிருந்தது. அது என் கைக்குக் கிட்டவில்லை. அப்படியொரு தாள் எங்காவது இருந்திருக்கும் என்று இங்கே எவராவது எழுதலாம். இருந்திருக்கட்டும். அது உசிலம்பட்டிக்கு வரவில்லை.

அதன் பிறகு நடந்தவையும் அந்த இடைவெளியைக் குறைக்கவில்லை. கூடங்குளத்தின் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையை, வடிவமைப்பாளரின் வணிக ரகசியங்களை நீக்கிவிட்டு வெளியிடும்படி மத்தியத் தகவல் ஆணையம் 2012இல் உத்தரவிட்டது. அந்த அளவுக்குப் போராடித்தான் அதைக் கேட்க வேண்டியிருந்தது. 2019 அக்டோபரில் நிலையத்தின் கணினி வலைப்பின்னலுக்குள் தீநிரல் (கேடு செய்யும் கணினி நிரல்) புகுந்ததாகச் செய்தி பரவியபோது, நிலையத்தின் சார்பில் முதல் நாள் மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வலைப்பின்னலோடு இணைந்த ஒரு கணினியில் அது இருந்தது உண்மைதான் என்றும், உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு அதிலிருந்து தனியானது என்றும் ஒப்புக்கொண்டது. இரண்டாம் நாள் சொன்னது நியாயமான விளக்கம். முதல் நாள் மறுப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் அதை மக்கள் நம்பியும் இருப்பார்கள்.

இதற்கு மாற்று உண்டா என்று கேட்டால், சூரியக் கூட்டணியை நம்மோடு சேர்ந்து தொடங்கிய அதே பிரான்சைத்தான் நான் காட்டுவேன். அங்கே அணு நிலையங்களைச் சுற்றி உள்ளூர்த் தகவல் குழுக்கள் 1981 முதல் உருவாயின. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு உறுதியான இடத்தைத் தந்தது. உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள், தொழிற்சங்கத்தினர், சுற்றுச்சூழல் அமைப்பினர் ஆகியோர் அவற்றில் உட்காருகிறார்கள். எதிர்ப்பாளருக்கும் நாற்காலி உண்டு. நிலையத்தை நடத்துபவரும் ஒழுங்குமுறையாளரும் அவர்களுக்குத் தகவல் தந்தாக வேண்டும். பிரான்சில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழுக்களுக்குப் பணமில்லை, பல்லில்லை என்று அங்கேயும் குறை சொல்கிறார்கள். ஆயினும் ராதாபுரம் வட்டத்தில் அப்படி ஒரு குழு இருந்திருந்தால், அந்த அம்மாவின் மகள் தன் கேள்வியைக் கொண்டுபோக ஓர் இடம் இருந்திருக்கும். பிரெஞ்சு ஒழுங்குமுறையாளர்களோடு நம் வாரியத்துக்கு நீண்ட காலத் தொடர்பு உண்டு. உலைக் கலத்தின் உலோகத்தைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இதையும் ஒரு பொருளாக வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒத்துழைப்பால் பயன் வந்திருக்கிறது, ஆனால் அது நிபுணர்கள் வரைக்கும்தான். வியன்னாவிலிருந்து வரும் கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டியது கடமையாக இருக்கிறது. நெல்லை மாவட்டத்து விசயநாராயணத்திலிருந்து வரும் கேள்விக்கு அப்படி இல்லை.

நீங்கள் இதில் உண்மையாகவே ஆர்வம் உள்ளவர் என்றால், அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் இந்தியா தந்த தேசிய அறிக்கைகளில் கூடங்குளம் பற்றிய பக்கங்களை முதலில் படியுங்கள். படித்தபின், தகவல் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு விண்ணப்பத்தை அந்தந்தப் பகுதியின் ஆட்சி மொழியிலும் எழுத இடம் தருகிறது என்பதைப் பயன்படுத்தி, பத்து ரூபாய் கட்டணத்தோடு வாரியத்திடம் தமிழிலேயே கேளுங்கள். "உலை பாதுகாப்பானதா" என்று கேட்டால் ஆம் என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். கடைசியாக நடந்த அவசரகால ஒத்திகையில் என்ன குறை கண்டறியப்பட்டது, அதில் எது எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டது என்று கேளுங்கள்.