குழந்தைகள் அறிவியல் அருங்காட்சியகம் இடம் மாறிய பிறகு மோசமாகிவிட்டதா?

பழைய கட்டடத்திலிருந்து புதிய இடத்துக்குப் போன குழந்தைகள் அறிவியல் அருங்காட்சியகத்தைப் பற்றி “முன்ன மாதிரி இல்லை” என்றே எல்லோரும் எழுதுகிறார்கள், அதை நம்பலாமா, பிள்ளையைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அருங்காட்சியகம் என்று சொல்லவில்லை. வீட்டில் ஆறேழு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது, பழைய இடத்துக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறீர்கள், புதிய இடம் கொஞ்சம் தூரம், கட்டணமும் கூடியிருக்கிறது என்று நானாக வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியாது. அப்படிப்பட்ட ஓர் இடத்தின் பட்டறையில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். காட்சிப் பொருட்களைச் செய்வது கொஞ்சம், பிள்ளைகள் உடைத்ததைச் சரிசெய்வதுதான் மிச்சம் முழுக்க. இடம் மாறிய வருடமும் அங்கேதான் இருந்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் இங்கே நாலு பேர் “இவர் நிர்வாகத்தின் ஆள்” என்பார்கள், இன்னும் நாலு பேர் “வேலையை விட்ட கோபத்தில் எழுதுகிறார்” என்பார்கள். இரண்டும் இல்லை. சரி, இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது பிறகு.

முதலில் ஒன்று. “பழைய இடத்தில் எல்லாம் நன்றாக இருந்தது” என்று எழுதுகிறவர்கள் பழைய இடத்தை எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. “பழுது, தொட வேண்டாம்” என்ற பலகையை அங்கே மாட்டிக்கொண்டிருந்தவன் நான். சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் என் கையில் பலகை தீர்ந்துபோகும், காகிதத்தில் எழுதி ஒட்டுவேன். நீர்ச் சுழல் தொட்டியின் பம்பு மாதம் ஒரு முறை அடைத்துக்கொள்ளும். கூரை ஒழுகி மின்பலகைப் பக்கம் தண்ணீர் இறங்கிய நாட்கள் உண்டு. அதெல்லாம் யாருக்கும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது அவர்களுக்கு அப்போது எட்டு வயது என்பது மட்டும்தான்.

ஆனாலும் அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. இதை நான் புரிந்துகொள்ளவே ஒரு வருடம் ஆயிற்று. ஏதோ குறைகிறது என்பது நிஜம். என்ன குறைகிறது என்றுதான் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நிறுத்துமிடம் சரியில்லை, ஊழியர்கள் சிரிக்கவில்லை, கூட்டம் அதிகம் என்று கைக்குக் கிடைத்ததை எழுதுகிறார்கள்.

எங்கள் இடத்தில் கிசுகிசுத் தட்டுகள் என்று இரண்டு இருந்தன. ஆள் உயரத்துக்கு மேல் பெரிய குழிந்த தட்டுகள், கூடத்தின் இரண்டு கோடிகளிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். இங்கே ஒரு பிள்ளை தட்டுக்கு முன்னால் இருக்கிற வளையத்தில் வாயை வைத்து முணுமுணுத்தால், அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளையின் காதோரம் கேட்கும். நடுவில் ஐம்பது பேர் நடந்துகொண்டிருந்தாலும் கேட்கும். புதிய கட்டடத்தில் அதே தட்டுகளை, அதே இடைவெளியில், கயிறு கட்டி நேர் பார்த்து நான்தான் நிறுத்தினேன். கேட்கவில்லை. கேட்டது, ஆனால் பிள்ளைகளின் முகம் மாறவில்லை. பழைய கூடத்தில் மரக் கூரை, திரைச்சீலை, தரையில் தேய்ந்துபோன விரிப்பு. புதியதில் கண்ணாடியும் கான்கிரீட்டும். கூடம் பெரிதாகப் பெரிதாக எதிரொலி நீளும், ஒலியை உறிஞ்சும் பொருள் குறையக் குறைய இன்னும் நீளும். கூடம் முழுக்க எழும் இரைச்சல் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது, தட்டு குவித்துக் கொடுக்கிற முணுமுணுப்பு அதில் கரைந்துவிடும். தட்டில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் “அந்தத் தட்டு இப்ப வேலை செய்யறதில்ல” என்றுதான் எழுதினார்கள்.

நிழல் சுவரும் அப்படித்தான். இருட்டறையில் ஒளிரும் பூச்சு பூசிய சுவர், முன்னால் நின்று குதித்தால் பளிச்சென்று ஒரு ஃபிளாஷ், நீங்கள் நகர்ந்த பிறகும் உங்கள் நிழல் மட்டும் சுவரிலேயே நிற்கும். கட்டட வடிவமைப்பாளருக்கு வெளிச்சம் என்றால் உயிர். இருட்டறை கூடாது, திறந்த வெளியாக இருக்கட்டும் என்றார். மூன்று பக்கம் தடுப்பு வைத்தோம். பகல் பதினொரு மணிக்கு அங்கே போய் நிழலைத் தேட வேண்டியிருந்தது.

வான் டி கிராஃப் எந்திரம், அதாவது தொட்டால் தலைமுடி நட்டுக்கொள்ளுமே அந்த உலோக உருண்டை, அதற்குக் காற்றில் ஈரம் ஆகாது. உள்ளே ஓடும் பட்டையும் உருண்டையைத் தாங்கும் தூணும் லேசாக ஈரமானால் போதும், மின்னேற்றம் வழியிலேயே கசிந்துவிடும். பழைய இடத்தில் காலையில் கதவு திறப்பதற்கு முன் துணியால் துடைத்து, முடி உலர்த்தும் டிரையரைப் பத்து நிமிடம் காட்டுவேன். புதிய இடம் நீர்நிலையை ஒட்டி இருந்தது. டிரையர் அரை மணி நேரம் ஓடியது.

இப்போது நான் சொல்ல வந்த சம்பவம்.

திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மிதக்கும் பந்து என்று எங்களிடம் ஒன்று உண்டு, எல்லா அறிவியல் மையத்திலும் இருப்பதுதான். கீழே ஊதுகுழாய், மேல்நோக்கி வேகமாகக் காற்று, அதில் ஒரு கடற்கரைப் பந்து அந்தரத்தில் ஆடிக்கொண்டு நிற்கும். குழாயைச் சாய்த்தாலும் கீழே விழாது. பந்து ஒரு பக்கம் விலகினால் காற்று அதன் வளைவை ஒட்டிக்கொண்டு வளையும், அந்த வளைவே அதைத் திரும்ப நடுவுக்குத் தள்ளும். (பலகையில் பெர்னூலி விதி, அதாவது காற்று வேகமாக ஓடினால் அழுத்தம் குறையும் என்பது, மட்டும் எழுதியிருக்கும். அது அரைகுறை விளக்கம் என்று எனக்கும் தெரியும், பின்னூட்டத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.)

புதிய இடத்தில் பந்து நிற்கவே இல்லை. ஒரு நிமிடம் நிற்கும், சரிந்து உருண்டு ஓடும். நான் ஊதியின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், பந்தை மாற்றினேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், அவரிடம் கோபம்கூட இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார்: “அங்க இருந்தப்ப இது நல்லா நின்னுச்சுங்க.” எனக்கு முகம் சூடாகிவிட்டது. முந்தின ராத்திரி இரண்டு மணி வரை அதைப் பூட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அவர் கூட வந்த பையனுக்கு ஏழு வயது இருக்கும். அவன் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து வைப்பதும், அது விழுவதும், மறுபடி வைப்பதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகத்தான் விழுகிறது என்பதை அவன்தான் முதலில் பார்த்தான், நான் இல்லை. பிறகு உள்ளங்கையைப் பந்துக்கு மேலே, பக்கத்தில், சுற்றிச் சுற்றிப் பிடித்துப் பார்த்தான். “அங்கிள், மேலேர்ந்து வேற காத்து வருது.” நிமிர்ந்து பார்த்தால் நேர் மேலே ஏசி துவாரம். பையன் தன் கையிலிருந்த வழிகாட்டி அட்டையை விரித்துத் தலைக்கு மேலே கூரை மாதிரி தூக்கிப் பிடித்தான். பந்து நின்றது. கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கையை இறக்கியதும் பந்து விழுந்தது, அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தான் பாருங்கள். இருபது நிமிடம் அங்கேயே நின்றான். அந்த வாரம் முழுக்க அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே உருப்படியான சோதனை அதுதான்.

அன்று சாயங்காலம் பார்வையாளர் புத்தகத்தைப் புரட்டினேன். “மிதக்கும் பந்து வேலை செய்யவில்லை. பழைய இடமே மேல்.” அவர் எழுதினாரா வேறு யாருமா தெரியாது. பையனின் கருத்து எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நீங்கள் படிக்கிற பொதுமக்கள் கருத்து என்பது வாசலில் வண்டியை நிறுத்த இடம் தேடிய ஆளின் கருத்து. உள்ளே இருபது நிமிடம் நின்ற ஆளுக்கு எழுதவே வராது.

வெளியே போகும் வழியில் சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட பொத்தான்கள் வைத்தார்களே, அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பிள்ளைகள் நாலு பொத்தானையும் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அடிப்பார்கள். பொத்தான் என்றால் அமுக்கு என்று உள்ளே இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்து அனுப்பியதே நாங்கள்தான். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் எக்ஸ்ப்ளோரடோரியம், இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-ல் தொடங்கியது, தொட்டுப் பார்க்கிற அருங்காட்சியகங்களுக்கெல்லாம் அதுதான் தாய்வீடு மாதிரி. 1915 கண்காட்சிக்காகக் கட்டிய பழைய மண்டபத்தில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு 2013 ஏப்ரலில் துறைமுக மேடை 15-க்குப் போனார்கள். பழையது குகை மாதிரி அரையிருட்டு. புதியது வெளிச்சமும் கடல் காட்சியும், விரிகுடாத் தண்ணீரை வைத்தே கட்டடத்தைக் குளிர்விக்கும் ஏற்பாடும். பாராட்டும் வந்தது, பழைய இருட்டுக்காக ஏங்கியவர்களும் இருந்தார்கள். அதே வருடம் ஆட்குறைப்பும் நடந்தது. புதுக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கடைசி வரியை மறந்துவிடுவார்கள். காட்சிப் பொருளைச் சரிசெய்கிற கை குறைந்தால் கட்டடம் எப்படி இருந்து என்ன?

பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகம் 1913-ல் தொடங்கியது. 1979-ல் அதே நகரின் ஜமைக்கா பிளெயின் பகுதியை விட்டு ஒரு பழைய கிடங்குக் கட்டடத்துக்குப் போயிற்று. செங்கல்லும் மரமும். இன்று அந்தக் கிடங்கு இல்லாமல் அந்த அருங்காட்சியகத்தை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அப்போது குழந்தையாக இருந்தவர்கள் இப்போது பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கேதான் போகிறார்கள், அதுதான் அவர்களுக்குப் “பழைய இடம்”.

மக்கள் கோபப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். டொரண்டோவில் ஒன்டாரியோ அறிவியல் மையத்தைப் பாருங்கள். ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1969-ல் திறந்தது. ஏரிக்கரைக்கு மாற்றப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள், கூரையின் கான்கிரீட் பலகைகள் ஆபத்து என்று 2024 ஜூன் 21-ம் தேதி திடுதிப்பென்று மூடினார்கள். பழையதைவிடச் சின்னதாகத்தான் புதியது வரும் என்ற திட்டம். மொரியாமாவின் நிறுவனமே பழுதுபார்க்க இலவசமாக உதவுகிறோம் என்று முன்வந்தது. புதிய இடம் தயாராவதற்கு முன்பே பழைய கதவைச் சாத்தினால் இடையில் இருக்கிற வருடங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. ஆறு வயது யாருக்காகவும் காத்திருக்காது. அங்கே மக்கள் தெருவுக்கு வந்தது சரி என்றே நினைக்கிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். ஏசி துவாரத்துக்கு அட்டையில் ஒரு தடுப்பு செய்து மாட்டினேன். இரண்டே நாள். கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று கழற்றச் சொன்னார்கள். பந்தை நகர்த்தலாமா என்றேன், தரைக்குக் கீழே மின்கம்பி போட்டாயிற்று, முடியாது என்றார்கள். திட்டம் போட்ட ஒன்றரை வருடத்தில் பட்டறை ஆள் ஒருவரைக்கூட ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் துவாரம் எங்கே, பந்து எங்கே என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். நான் வேலையை விட்டதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், முதுகுவலியும் ஒரு காரணம். விடைபெறும் நாளில் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓடவில்லை. நானேதான் சரிசெய்தேன்.

போன வருடம் அங்கே ஒரு நாள் போனேன், பார்வையாளனாக. கிசுகிசுத் தட்டுகளுக்கு மேல் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் தொங்குகின்றன. நிழல் சுவருக்குக் கறுப்புத் திரை வந்துவிட்டது. புத்தகத்தில் எழுதித் தள்ளியவர்களால் வந்ததா, பட்டறையில் இப்போது இருக்கிறவர்கள் சண்டை போட்டு வாங்கியதா, நான் கேட்கவில்லை.

ஆகவே போங்கள். திறந்த முதல் வருடம் என்றால் கொஞ்சம் பொறுத்துப் போனாலும் தவறில்லை. வார நாளில் மதியத்துக்கு மேல் போனால் பள்ளிக் கூட்டம் போயிருக்கும், கிசுகிசுத் தட்டு அப்போதுதான் கேட்கும். “பாத்தாச்சா, அடுத்தது வா” என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மூன்று பொருள் பார்த்தாலும் போதும். மிதக்கும் பந்து விழுந்துகொண்டே இருந்தால் அண்ணாந்து பாருங்கள். துவாரம் இருந்தால் பக்கத்தில் நிற்கிற ஊழியரிடம் வாயால் சொல்லுங்கள். புத்தகத்தில் எழுதினால் பட்டறைக்கு வந்துசேர மூன்று வாரம் ஆகும்.