மருத்துவத்தில் 'ஆதாரத்தின் தரம்' என்றால் என்ன?

ஒரு சிகிச்சை பலன் தரும் என்ற தகவலை எவ்வளவு நம்பலாம் என்பதே ஆதாரத்தின் தரம். மருத்துவரின் அனுபவம் மட்டும் ஏன் போதாது?

மாரடைப்புக்குப் பிறகு வரும் தாறுமாறான இதயத்துடிப்பை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று 1980களில் பலரும் நம்பினார்கள். என்கைனைடு, பிளெக்கைனைடு மருந்துகள் துடிப்பை அடக்கவும் செய்தன. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட 'காஸ்ட்' ஆய்வு 1989இல் வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

புது உரம் போட்ட வருடம் விளைச்சல் கூடினால், காரணம் உரமா மழையா? பாதி வயலை உரமில்லாமல் விட்டிருந்தால்தான் தெரியும்.

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்றாலே போதும் என்று நினைக்க வேண்டாம். ஒப்பிட ஆளே இல்லாமல் இருபது பேரிடம் செய்து பார்த்ததையும் ஆய்வு என்றுதான் சொல்வார்கள்.